கேசம் சொல்லும் இருதய ரகசியம்

கிரேக்க தேசத்தில், ஈஜியன் கடலின் நடுவே நாக்ஸஸ் என்றொரு தீவு உண்டு. அங்கே வைத்தியம் புரிந்து வந்த டாக்டர் நிக்கோஸ் புரோட்டோனோடாரியோஸும் அவருடைய சகாக்களும், 1986-ஆம் வருஷத்தில் ஒரு விசித்திரமான பரம்பரை நோயைப் பற்றி எழுதினார்கள். சில குடும்பங்களில் இருதயத் துடிப்பு தாறுமாறாகி மூர்ச்சித்து விழுந்தவர்களுக்கு, தலைமயிர் ஆட்டு ரோமம்போல் சுருண்டிருந்தது. உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் தடித்துக் காய்த்திருந்தன.

கேசத்துக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, தோலிலும் இருதயத் தசையிலும் உள்ள உயிரணுக்களைப் பிணைப்பதில் 'பிளாக்கோகுளோபின்' என்னும் புரதத்துக்குப் பங்கு உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் உள்ள பிழை 2000-ஆம் வருஷத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் லட்சம் தடவை துடிக்கும் இருதயத்தில் சாந்து பழுதானால் தசை சிதையாமல் இருக்குமா? சிதைந்த இடத்தில், முக்கியமாக வலது கீழறையில், கொழுப்பும் நாரும் படிகின்றன. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் வழி தவறுகிறது. திடீர் மரணமும் நேரலாம்.

சுருண்ட ரோமம் பிறப்பிலேயே காணும். குழந்தை கைகால்களை ஊன்றத் தொடங்கியதும் தோல் தடிக்கும். இருதயக் கோளாறோ பெரும்பாலும் வாலிபத்தில்தான் வெளிப்படும். இயற்கை இவ்வாறு பல வருஷ அவகாசம் தருகிறது. அதற்குள் மின் பதிவு, ஒலியலைப் படம், காந்தப் படம், மரபணுச் சோதனை ஆகியவற்றால் நோயை நிச்சயிக்கலாம்.

மூலத்தை அகற்றும் மருந்து இன்னும் இல்லை; ஆயினும் உயிரைக் காக்க வழி உண்டு. கடும் பந்தய விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். துடிப்பைச் சீராக்க மருந்துகள் உண்டு. அபாயம் மிகுந்தவர்களுக்குத் தோலின் கீழ் ஒரு சிறு கருவியைப் பதிக்கிறார்கள். துடிப்பு தறிகெட்ட கணத்தில் அது மின்னதிர்ச்சி தந்து மீட்கும். இருதயம் முற்றும் தளர்ந்தால் மாற்று இருதயமே கதி.

தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிழையைத் தந்தால்தான் குழந்தைக்கு இந்நோய் வரும். அவர்களோ சாதாரணமாக ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆகவே தாயைக் குறை கூறுவது அறியாமை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டாதலால், உடன்பிறந்தாரையும் சோதிப்பது அவசியம். உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இவ்வகை நோய்கள் தோன்ற இடம் அதிகம் என்பதை நாமும் மறக்கலாகாது.

சுருட்டை முடியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ரோமமும் கைகால் தோலும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் சந்தேகம். அப்போது எண்ணெயும் களிம்பும் தேடிக் காலத்தைப் போக்காமல், குழந்தையை இருதய வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.