நரி முகம் போட்ட பழைய பட்டன்... பாலிஷ் போட்டால் மதிப்பு போயிடும்! ஏன் தெரியுமா?

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பித்தளை பட்டன். மேலே ஓடுற நரி, இல்லைன்னா மோப்பம் பிடிக்கிற நாய். 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், இங்கிலாந்தில் வேட்டைக்குப் போன பணக்காரர்கள் கோட்டில் தைத்துக்கொண்டவை இவை. ஒரே கோட்டில் பட்டனுக்கு ஒரு விலங்கு, பறவை என்று செட்டாகவும் வந்தன. இன்று அவற்றைத் தேடிச் சேர்க்க ஒரு கூட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் பட்டன் சேகரிப்பாளர்களுக்கு 1938-லேயே தேசிய சங்கம் தொடங்கிட்டாங்க!

ஸ்போர்ட்டிங் பட்டனா, ஹன்ட் பட்டனா?

விலங்கு, வேட்டைக் காட்சி மட்டும் இருந்தால் அது ஸ்போர்ட்டிங் பட்டன். ஒரு குறிப்பிட்ட வேட்டைக் குழுவின் எழுத்துகளோ சின்னமோ இருந்தால் ஹன்ட் பட்டன். இதைக் காசு கொடுத்து வாங்கி இஷ்டத்துக்குத் தைத்துக்கொள்ள முடியாது. குழுவின் தலைவரான 'மாஸ்டர்' அனுமதி தரணும். நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. பட்டன் கௌரவம் மட்டும் இன்னும் போகலை.

வயசு எப்படித் தெரியும்?

முன்பக்கத்தை நம்ப முடியாது. ஒரே டிசைனைப் பல தலைமுறைக்குத் திரும்பத் திரும்ப அடித்திருப்பார்கள். திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் இருக்கு. தயாரித்தவரின் பெயர், தெரு முகவரி எல்லாம் பின்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 17-ம் நூற்றாண்டில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் லண்டன் ஃபிர்மின் நிறுவனத்தின் பெயர் அடிக்கடி கண்ணில் படும். நிறுவனப் பெயரும் முகவரியும் எந்த ஆண்டுகளில் மாறின என்று பார்த்தால் காலம் பிடிபடும்.

'கில்ட்', 'ட்ரெபிள் கில்ட்' போன்ற சொற்களும் இருக்கும். தங்கப்பூச்சுக்கான தர முத்திரை இது. போலிப் பூச்சு பெருகியதால் 1796-ல் பிரிட்டன் தனிச் சட்டமே போட்டது. ஓர் அங்குல அகல பட்டன் 144-க்குக் குறைந்தது 5 கிரெய்ன் தங்கம் பூசினால்தான் 'கில்ட்' என்று போடலாம். அதாவது சுமார் 0.32 கிராம். மூணு குண்டுமணி எடைகூட வராது, அதுவும் 144 பட்டனுக்குச் சேர்த்து!

இப்போது புரிகிறதா பாலிஷ் ஏன் ஆபத்து என்று? அவ்வளவு மெல்லிய பூச்சு, ரெண்டு தேய்ப்பில் காணாமல் போய்விடும். பிறகு மிஞ்சுவது வெறும் பித்தளைதான். காய்ந்த மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும். பின்பக்க எழுத்து தெரியலைன்னா தேய்க்காமல், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம்.