அணையாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

யூதர்களின் ஜெபாலயங்களில் தோராச் சுருள்களை வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் ஒரு விளக்கு தொங்கும். இரவும் பகலும் எரிய வேண்டிய விளக்கு அது. எபிரேய மொழியில் ‘நேர் தமீத்’ என்பார்கள். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. சிவன் கோயில் மூலஸ்தானத்துத் தூண்டாமணி விளக்கைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

பலிபீடத்து நெருப்பு ஒருபோதும் அணையக் கூடாது என்கிறது லேவியராகமத்தின் 6ஆம் அதிகாரம். கட்டளை ஒரு வரிதான். வேலையோ நாள் முழுக்க. எருசலேம் தேவாலயத்தில் விடியுமுன்பே ஒரு குரு பீடத்தின்மேல் ஏறிச் சாம்பலை அள்ளுவார். பிறகு விறகு அடுக்குவார்கள். ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் விறகாகாது. அத்தி போன்ற மரங்களைத்தான் பெரும்பாலும் எரித்தார்கள். சாம்பல் அள்ளுவதற்கு அவ்வளவு போட்டி! முதலில் யார் ஓடி ஏறுகிறாரோ அவருக்கே அந்தப் பாக்கியம் என்றிருந்தது. ஒருநாள் இருவர் முட்டிமோதி ஓடியதில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து குலுக்கல் முறை வந்ததாக யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது.

கி.பி. 70இல் உரோமர்கள் அந்தத் தேவாலயத்தை அழித்தார்கள். பீடம் போனது, நெருப்பும் போனது. வழிபாடு நிற்கவில்லை. காலைப் பலியின் இடத்தில் காலை ஜெபமும் பிற்பகல் பலியின் இடத்தில் பிற்பகல் ஜெபமும் வந்தன. பலியின் மிச்சங்கள் இரவெல்லாம் பீடத்தில் எரிந்ததை நினைத்து இரவு ஜெபத்தை வைத்தார்கள் என்பது தல்மூத் தரும் விளக்கங்களில் ஒன்று. நெருப்பின் நேர அட்டவணையே ஜெபத்தின் அட்டவணை ஆயிற்று. ஜெபாலயத்தில் தொங்கும் விளக்கு அதற்கு அடையாளம்.

விளக்கை அணையாமல் காக்கும் சிக்கலை நம்மவர்களும் யோசித்தவர்கள்தான். விளக்கு அணையக் கூடாதென்றால் நெய் வேண்டும், நெய்க்குக் கால்நடை வேண்டும், அதை மேய்க்க ஆள் வேண்டும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று சோழர் கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலங்கையிலும் சான்று உண்டு. திருகோணமலைப் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது. அங்கே திருவிளக்கு எரிக்க 84 பசுக்கள் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்த இடம் பௌத்தப் பள்ளி, எழுதிய மொழி தமிழ்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போக வேண்டும். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. சீன ஓடுகளும் தொங்குவிளக்குகளும் அழகாகவே இருக்கின்றன. கூட்டு ஜெபத்துக்கு வயது வந்த பத்து ஆண்கள் வேண்டும் என்பது மரபு. 1948க்குப் பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால் அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பாடாகிவிட்டது. இப்போது பல நாடுகளில் நேர் தமீத்துக்கு மின்குமிழ் போட்டிருக்கிறார்கள். சாம்பலும் இல்லை, திரியும் இல்லை. வசதிதான், ஆனால் காலை முறித்துக்கொண்டு ஓட அங்கே எதுவும் இல்லை.

கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரைக்கும் ஆள் போய்ச் சேர்வது நெடுங்காலம் லேசாக இருக்கவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே மட்டக்களப்பு வாவியைப் ‘பாதை’ எனப்படும் படகில்தான் கடந்தார்கள். யுத்த காலத்தைச் சொல்லவே வேண்டாம். 1991 ஜூன் 12இல் அப்பகுதியில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்காக மகிழடித்தீவில் இன்றும் ஆண்டுதோறும் சுடர் ஏற்றுகிறார்கள். யூதர்களும் இறந்தவரின் நினைவு நாளில் ஒரு முழு நாள் எரியும் விளக்கை வீட்டில் ஏற்றுவார்கள்.

தேரோட்டத்துக்குக் கொக்கட்டிச்சோலை போகிறவர்கள் கோயிலுக்கு ஒரு போத்தல் எண்ணெய் கொடுக்க நினைத்தால், அதை ஐப்பசி மழையில் ஆள்வரவு குறைந்த ஒரு சாதாரண நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.