பழைய கேம் கடை: விற்பதும் காப்பதும்

இருபது ஆண்டுகளுக்கு முன் கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டு சி.டி. இன்றும் கீறல் விழாமல் அலமாரியில் இருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10 உள்ள கணினியில் போட்டால் அது ஓடாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. திருட்டுப் பிரதியைத் தடுக்க அக்காலத்தில் பல நிறுவனங்கள் சேஃப்டிஸ்க் என்ற மென்பொருள் பூட்டை சி.டி.யோடு சேர்த்தே விற்றன. 2015-ல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் பூட்டை ஏற்க மறுத்துவிட்டது. பூட்டை உடைத்து விற்ற திருட்டு சி.டி.யை வாங்கியவருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ரசீதோடு வாங்கியவர்தான் வாசலில் நிற்கிறார். அச்சிட்ட புத்தகம் நூறு ஆண்டு கழித்தும் திறந்தால் படிக்கக் கிடைக்கும். கேம் அப்படியல்ல. கணினி மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து அதைச் சீர்செய்து தந்தால்தான் அது பிழைக்கும். அந்த வேலையில் பெரும்பங்கைப் பழைய கேம்களை இணையத்தில் விற்கும் கடைகள்தான் இன்று சுமக்கின்றன. காசு வாங்குவதால்தான் அவற்றால் சுமக்க முடிகிறது. அப்படியொரு கடையை, கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ இருந்துகொண்டும் நடத்த முடியும் என்று சொல்வதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன.

இந்தத் தொழிலின் முன்னோடி போலந்து நாட்டில் பிறந்தது. மார்ச்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிச்சின்ஸ்கி என்ற இரு பள்ளித் தோழர்கள் 1994-ல் வார்சாவில் சி.டி. புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்றைய போலந்தில் கேம் என்றாலே சந்தைக் கடையில் கிடைக்கும் திருட்டுப் பிரதிதான். சென்னை பர்மா பஜாரையும் திருவனந்தபுரத்தின் பீமாப்பள்ளியையும் சி.டி. காலத்தில் அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தையை விளக்க வேண்டியதில்லை. அந்தத் திருட்டோடு போட்டியிட இருவரும் தேர்ந்தெடுத்த வழி, திருட்டுப் பிரதியில் கிடைக்காததைக் கொடுப்பது. 1999-ல் பால்டர்ஸ் கேட் விளையாட்டை நாடறிந்த நடிகர்களின் போலிஷ் குரலோடும், பெட்டிக்குள் வரைபடம், விதிநூல் ஆகியவற்றோடும் கொண்டுவந்தார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த அனுபவத்தில் ஊன்றித்தான் 2008-ல் குட் ஓல்ட் கேம்ஸ் என்ற இணையக் கடை பிறந்தது, இன்று ஜி.ஓ.ஜி. என்று அறியப்படுவது. தொடக்கத்தில் இரண்டே விலை: 5.99 டாலர், 9.99 டாலர். வாங்கிய கோப்பில் பூட்டு இல்லை. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். 2020 முதல், விளையாடிப் பார்த்த பிறகும் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் அறிவித்தார்கள். பூட்டில்லாமல் விற்றால் வாங்குபவர் ஏமாற்றிவிடுவார் என்பது உண்மையானால், இந்தக் கடை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

கடையின் கடினமான வேலை வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. சிஸ்டம் ஷாக் 2 என்ற விளையாட்டின் கதை அதைத் தெளிவாகக் காட்டும். 1999-ல் வெளிவந்து பெரும் பாராட்டுப் பெற்ற விளையாட்டு அது. மறு ஆண்டே அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் மூடப்பட்டது. அதன் உரிமை, கேம்களோடு ஒட்டும் உறவும் இல்லாத அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அதைச் சட்டப்படி யாரும் விற்கவில்லை. ரசிகர்களின் விருப்பப் பட்டியலில் அது முன்னணியில் இருந்தும் ஜி.ஓ.ஜி.யால் விற்க முடியவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் யாரென்பதே சிக்கல். 2012-ல் ஸ்டீபன் கிக் என்ற இளைஞர் குவாத்தமாலாவில் பயணத்தில் இருந்தபோது, தன் மடிக்கணினியில் அந்த விளையாட்டு ஓடாததால் உரிமையாளரைத் தேடத் தொடங்கி, அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். பேச்சு நடந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானது, 2013 பிப்ரவரியில் ஜி.ஓ.ஜி.யில் விளையாட்டு விற்பனைக்கு வந்தது. நைட்டைவ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அப்படித்தான் உருவானது. இதில் இன்னொரு பங்காளியும் உண்டு. விற்பனைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், யாரென்றே தெரியாத ஒரு நிரலாளர் புனைபெயரில் ஒரு திருத்த நிரலை எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார். புதிய கணினிகளில் அந்த விளையாட்டு ஓடியது அந்தத் திருத்தத்தால்தான். ரசிகரின் உழைப்பு, தேடுபவரின் பிடிவாதம், கடையின் கல்லாப்பெட்டி ஆகிய மூன்றும் கூடியபோதுதான் விளையாட்டு மீண்டது. ஒன்று குறைந்தாலும் மீளாது. 2000-ல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற விளையாட்டு இன்றும் விற்பனைக்குக் கிடைக்காததற்குக் காரணம், உரிமை மூன்று பெரிய நிறுவனங்களுக்கிடையே சிக்கிக் கிடப்பதுதான்.

உரிமை கிடைத்ததும் பட்டறை வேலை தொடங்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டுகளை ஓட்ட டாஸ்பாக்ஸ், சுட்டியால் சொடுக்கி ஆடும் கதை விளையாட்டுகளுக்கு ஸ்கம்விஎம் என்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அமைப்பைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். சில பழைய விளையாட்டுகளின் வேகம் செயலியின் வேகத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், இன்றைய கணினியில் எதிரி கண்ணிமைக்கும் முன் வந்து அடித்துவிட்டுப் போய்விடுவான். சிலவற்றில் இசை, சி.டி.யில் தனிப் பாட்டுத் தடமாக இருக்கும்; கோப்பை மட்டும் நகலெடுத்தால் விளையாட்டு ஊமையாகிவிடும். கையேட்டில் அச்சிட்ட குறியீட்டைத் தட்டச்சு செய்தால்தான் தொடங்கும் விளையாட்டுகளும் உண்டு. கையேட்டையும் வருடி எடுத்துக் கூடவே கொடுத்தாக வேண்டும். இதையெல்லாம் ஒரு முறை செய்தால் போதாது. விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போது மறுபடி சோதிக்க வேண்டும். 2024 நவம்பரில் ஜி.ஓ.ஜி. 100 விளையாட்டுகளோடு தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் இந்தத் தொடர்ப் பராமரிப்புக்கான வாக்குறுதிதான்.

இணையத்தில் இந்தப் பழைய கேம்கள் இலவசமாகக் கிடைக்கும்போது காசு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. உரிமையாளர்கள் கைவிட்ட காலத்தில் கோப்புகளைப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் அந்த இலவசத் தளங்களை நடத்தியவர்களே; அவர்களை வெறும் திருடர்கள் என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல். ஆனால் அங்கே கிடைப்பது கோப்பு மட்டும். அது ஓடாவிட்டால் கேட்க ஆளில்லை, நச்சுநிரல் இருந்தால் பொறுப்பேற்க ஆளில்லை, உருவாக்கியவருக்கு ஒரு பைசா போவதுமில்லை. உரிமையாளரே மனமுவந்து இலவசமாக்குவது வேறு. பெனீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற 1994-ஆம் ஆண்டு விளையாட்டை ரெவல்யூஷன் நிறுவனம் 2003-ல் இலவசமாக விட்டது. அது இன்றும் ஓடுகிறது, 2020-ல் அதன் தொடர்ச்சியும் வெளிவந்தது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துப் பாலராமபுரத்தின் கைத்தறி இன்றும் நெய்யப்படுவது அருங்காட்சியகத்தில் ஒரு தறி இருப்பதால் அல்ல, ஓணத்துக்கு வேட்டியும் சேலையும் வாங்க ஆள் இருப்பதால். கேம்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விற்பதை மட்டும்தானே கடை காப்பாற்றும்? உண்மைதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் அச்சிடும் புத்தகத்தின் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் தர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; கணினி விளையாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மும்பையில் 1999-ல் தொடங்கிய இந்தியாகேம்ஸ், பட்டன் செல்பேசிக் காலத்தில் கேம்களைச் செய்து குவித்த நிறுவனம். அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் டிஸ்னியிடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைச் செல்பேசி கேம்களுக்கென்று இன்று சந்தையே இல்லை. ஆகவே நூலகமும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் அவை வரும்வரை கடையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதால் ஒரு விளையாட்டும் மீளப்போவதில்லை.

இனி, எல்லையூர்களுக்கு வருவோம். 1956-ல் தென் திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. இரு மொழியும் இங்கே ஒரே கடைவீதியில் புழங்கும். இந்தத் தொழிலுக்குக் கிடங்கு வேண்டாம், நகரத்து முகவரி வேண்டாம். பொறுமையான நிரலாளர்கள் சிலரும், கடிதம் எழுதத் தெரிந்த ஒருவரும், நல்ல இணையமும் போதும். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்கா பக்கம்தான். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே பழக்கிய மாநிலம் இது. டாஸ்பாக்ஸும் ஸ்கம்விஎம்மும் அதே மரபில் வந்தவை. நூறு ரூபாய்ப் பொருளை அட்டை இல்லாமல் விற்க யு.பி.ஐ. வழிசெய்துவிட்டது. உலகக் கடை ஏற்கெனவே இருக்கையில் இங்கே எதற்கு என்றால், போலிஷ் குரல் செய்த வேலையைத் தமிழிலும் மலையாளத்திலும் அந்தக் கடை செய்யவில்லை என்பதுதான் பதில். அது சுலபமும் இல்லை. பழைய டாஸ் விளையாட்டுகளின் திரை 320க்கு 200 புள்ளிகள். எழுத்துக்கு எட்டுப் புள்ளி உயரம் கிடைத்தால் அதிகம். அதற்குள் 'ணை'யையும் 'ஞூ'வையும் அடைத்தால் பூச்சிபோலத் தெரியும். திரையை விட்டுவிட்டு, கையேட்டையும் வழித்துணைப் புத்தகத்தையும் நல்ல தமிழில், மலையாளத்தில் தருவது முதல் கட்டத்துக்கு ஏற்றது.

உரிமையாளர் கிடைக்காத விளையாட்டுகளுக்கும் நம் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிடவோ மொழிபெயர்க்கவோ உரிமம் கேட்டு யாரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. புத்தகத்தை நினைத்து எழுதப்பட்ட பிரிவுபோலத் தோன்றினாலும், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே சட்டம் கணக்கில் கொள்கிறது. விண்ணப்பிக்கும் முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் அந்த மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். உரிமம் கிடைத்தால் உரிமையாளருக்கான பங்கைக் குறிப்பிடப்படும் கணக்கில் கட்டிவைக்க வேண்டும்; அவர் என்றாவது வந்தால் எடுத்துக்கொள்ளலாம். நாளிதழ் விளம்பரச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், கட்டிவைக்கும் பங்கு என எல்லாமே பணம். பத்து விளையாட்டுகளை உரிமையோடு விற்று வரும் வருமானத்தில்தான், உரிமையாளர் தெரியாத பதினோராவதற்கு அந்த அறிவிப்பைக் கொடுக்க முடியும்.