மூன்று நாள் அரங்குக்கு ஆறு வாரம் ஏன்?

சிங்கப்பூர் எக்ஸ்போவிலோ கோலாலம்பூர் மாநாட்டு மையத்திலோ வர்த்தகக் கண்காட்சி ஒன்றைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். வளைந்த சுவர், ஒளிரும் பெயர்ப்பலகை என்று ஒவ்வோர் அரங்கும் ஒரு குட்டி வீடுபோல நிற்கும். மூன்றே நாளில் பிரித்துவிடுவார்கள். ஆனால், இப்படி ஒன்று வேண்டும் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். “ஆறு வாரமாவது ஆகும்” என்பார்கள். பலகை அறுக்கவும் படம் அச்சடிக்கவும் இயந்திரங்கள் இருக்கும்போது ஏன் இத்தனை நாள்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். வடிவமைப்புக்கு 5 வேலை நாள், வாடிக்கையாளர் பார்த்துச் சம்மதிக்க 3 நாள். பிறகு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மரவேலைக்கும் சாயத்துக்கும் 11 நாள், அச்சு வேலைக்கு 4 நாள், விளக்குகள் வந்து சேர 7 நாள். மூன்றும் முடிந்தபின் பட்டறையிலேயே ஒருமுறை பொருத்திப் பார்க்க 2 நாள், பிரித்து ஏற்றிச் செல்ல 1 நாள். மொத்தம் எத்தனை? எல்லாவற்றையும் கூட்டினால் 33 வரும். அது தவறு. மூன்றில் நீளமானதை மட்டும் எடுங்கள்: 5+3+11+2+1, அதாவது 22.

இந்த நீளமான சங்கிலிக்குத் தீர்வுப்பாதை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 1950களின் பிற்பகுதியில் டுபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இந்தக் கணக்குமுறையை உருவாக்கினார்கள். இன்னோர் அச்சு இயந்திரம் வாங்கினால் இங்கே ஒரு நாள்கூட மிச்சமாகாது. மரவேலையை 5 நாள் குறைத்தாலும் 4 நாள்தான் மிச்சம், ஏனென்றால் அப்போது விளக்குகள் நீளமான சங்கிலியாகிவிடும்.

சரி, மரவேலையை விரட்டி முடிக்க முடியாதா? இங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது. நீர் கலந்த சாயம் காய்வது என்றால், நீர் ஆவியாகி, அதிலுள்ள பிளாஸ்டிக் நுண்துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாவது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம், அதனால் நீர் மெதுவாகவே ஆவியாகும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேலே தோல்போல் காய்ந்து, அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும். விரலால் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். அந்தப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லாரியில் ஏற்றினால், இறக்கும்போது சாயம் சாயத்தோடு ஒட்டி உரிந்து வரும்.

அச்சிலும் இதே கதை. கரைப்பான் கலந்த மையில் அச்சிட்ட வினைல் தாளைக் குறைந்தது ஒரு நாளாவது திறந்து வைக்க வேண்டும். உடனே மேலுறை ஒட்டினால், சிக்கிய கரைப்பான் பசையை இளக்கி ஓரங்களைச் சுருட்டிவிடும். புறஊதா ஒளியில் இறுகும் மைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஒளி பட்ட கணமே மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்.

22 நாள் என்பது நான்கரை வாரம்கூட இல்லை. மீதி எங்கே போனது? வரிசையில். பட்டறையில் எப்போதும் சராசரியாக 18 வேலைகள் இருந்து, வாரத்துக்கு 3 முடிகிறது என்றால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற சராசரியாக 18÷3, அதாவது 6 வாரம் ஆகும். இதை ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வரிசைக்கும் இதே கணக்குத்தான், அடுத்த இடைவேளையில் எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. 13ஆம் நாள் காலை வாடிக்கையாளர் அழைக்கிறார். “சின்ன மாற்றம்தான், சுவரில் உள்ள வாசகத்தை மாற்றுங்கள்” என்கிறார். அச்சு வேலை முந்தின நாளே முடிந்திருக்கும். மறுபடி தொடங்கினாலும் 16ஆம் நாள் முடியும். மரவேலை முடிவதோ 19ஆம் நாள். தாமதம் இல்லை. பணம் மட்டும் கூடும். அவரே, “சின்ன மாற்றம்தான், சுவர் பத்து சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும்” என்று சொல்லியிருந்தால்? அறுத்த பலகைகள் வீண். புதிதாக 11 நாள் எண்ணுங்கள், 23ஆம் நாள் ஆகிவிடும். எல்லாம் 4 நாள் தள்ளிப்போகும். கண்காட்சியின் திறப்பு நாள் மட்டும் தள்ளிப்போகாது.