டயர் வாங்கும்போது எந்த ரேட்டிங்குக்கு காசு கொடுக்கணும்?

போன ஐப்பசி மழையில ஒரு சாயங்காலம், திருப்பரங்குன்றம் தாண்டி திருநகருக்கு வந்துட்டிருந்தேன். முன்னாடி போன ஷேர் ஆட்டோ சட்டுனு நின்னுச்சு. பிரேக்கை மிதிச்சா, கார் வழுக்கிட்டே போய் ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு. டயர்ல பட்டன் நல்லாவே இருந்தது. காத்தும் சரி. விலையை மட்டும் பார்த்து வாங்கின டயர், அவ்வளவுதான்.

நாலையும் மாத்துறதுக்கு முன்னாடி இந்த தடவை கொஞ்சம் படிச்சேன். நீங்களும் தெரிஞ்சுக்கோங்க.

இந்தியாவில ஏஐஎஸ் 142 விதி 2022 அக்டோபர்ல புது டயர் டிசைன்களுக்கு வந்துச்சு. உருளும் தடை, ஈரத்துல பிடிப்பு, சத்தம் மூணுக்கும் எல்லை வச்சிருக்காங்க. ஆனா அது பாஸ், ஃபெயில் மட்டும்தான். 35 மார்க்கா, 95 மார்க்கானு நமக்குத் தெரியாது. கடையில காட்டுற பிஇஇ ஸ்டார் ஸ்டிக்கரும் ஃப்ரிட்ஜுல இருக்கிற மாதிரிதான், எரிபொருள் மிச்சத்துக்கு. 5 ஸ்டார்னா மழையில சீக்கிரம் நிக்கும்னு அர்த்தமில்ல!

ஐரோப்பிய லேபிள்ல ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தனி கிரேடு உண்டு. நீங்க பார்க்கிற டயர் அங்கேயும் விற்குதான்னு தேடுங்க. அதே மாடல், அதே சைஸா இருக்கணும். சைஸ் மாறினா கிரேடும் மாறலாம். இங்க தயாராகிறது வேற கலவையா இருக்கலாம்ங்கிறதால, அதை ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கோங்க. சில டயர் பக்கவாட்டுல ட்ராக்ஷன் ஏஏ, ஏ, பி, சினு அமெரிக்க கிரேடு இருக்கும். அதுவும் ஈரத்துல பிரேக் பிடிக்கிற சோதனைதான்.

சத்தத்துக்கு நான் கூடுதலா காசு கொடுக்கல. லேபிள்ல போடுற டெசிபல், கார் 80 கி.மீ. வேகத்துல கடக்கும்போது ரோட்டோரம் மைக் வச்சு அளக்கிறது. உள்ள உட்கார்ந்திருக்கிற உங்க காதுக்கு வர்ற சத்தம் வேற கணக்கு.

இப்ப காசு. நல்ல ஈரப்பிடிப்பு உள்ள டயர் ஒண்ணுக்கு 800 ரூபா கூடன்னு வைங்க. நாலுக்கு 3,200. 40,000 கி.மீ. ஓடினா கிலோமீட்டருக்கு 8 பைசா. ஒரு பம்பர் மாத்துற செலவோட ஒப்பிட்டுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் டயர் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாச்சு, அதனால பழைய கொட்டேஷனை வச்சுப் பேசாதீங்க.

பில் போடுறதுக்கு முன்னாடி தயாரிப்புத் தேதியையும் பாருங்க. 2325னு இருந்தா 2025-ன் 23-வது வாரம். ரெண்டு டயருக்குத்தான் பட்ஜெட்னா, புதுசை பின்னாடி போடச் சொல்லுங்க. "முன் சக்கரம்தானே சார் இழுக்குது"ம்பாங்க. மழையில பின்பக்கம் வழுக்கினா ஸ்டியரிங் கையில இருந்தும் பிரயோஜனமில்ல.