காற்றுக்கும் கணக்கு உண்டு: பேர்னஸை இயக்கும் முன்னும் பின்னும்

ஊரில் ஐப்பசி பிறந்தால் மழை. ஒன்ராறியோவில் ஐப்பசி பிறந்தால் பேர்னஸ். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று எம்மவர் வீடு வாங்கிக் குடியேறிய இடங்களில் எல்லாம் பேஸ்மென்ற்றின் ஒரு மூலையில் இந்தத் தகரப் பெட்டி நிற்கிறது. முதற்குளிர் வந்ததும் வீட்டில் ஒரு வழக்கும் தொடங்கிவிடும். மேல்மாடியில் பிள்ளைகள் வியர்க்கிறது என்பார்கள். பின்னறையில் படுக்கும் அம்மம்மா இரண்டு சுவெற்றர் போட்டும் கால் விறைக்கிறது என்பார். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் ஒன்றும் சொல்லாது. சொன்னால் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டற்றை இரண்டு பாகை கூட்டுவோம். வியர்த்தவருக்கு இன்னும் வியர்க்கும். விறைத்தவருக்கு விறைப்பு மாறாது. மாத முடிவில் எரிவாயுக் கட்டணம் மட்டும் ஏறியிருக்கும்.

நாம் படித்தது வர்த்தகம், செய்வது கணக்கு வேலை. பேர்னஸ் திருத்துவது எமது தொழில் அல்ல. ஆனால் வாடகை வருமானத்துக்கு வரிக்கணக்குச் செய்ய வருபவர்கள் கொண்டுவரும் கட்டணச் சீட்டுகளையும் பேர்னஸ் ஒப்பந்தங்களையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறோம். நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைப் பழுது என்று நம்பிப் புதிதுக்குக் கையெழுத்து வைத்தவர்கள் அவர்களில் உண்டு. பெட்டிக்குள் நடப்பது என்ன என்று ஓரளவு தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்தைத் தவிர்த்திருக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பற்றும் வரவும்

பேர்னஸுக்கு இரண்டு வேலைகள். ஒன்று சூடாக்குவது; மற்றது காற்றைத் தள்ளுவது. இரண்டாவது வேலையைச் செய்வது பெட்டியின் அடியில் இருக்கும் ஊதுவிசிறி. கோடையில் குளிரூட்டி ஓடும்போதும் இதே விசிறிதான் காற்றைத் தள்ளுகிறது. எரிவாயு இல்லாமல் ஹீற் பம்ப் பூட்டிய வீடுகளில் பேர்னஸுக்குப் பதிலாக விசிறியும் குழாய்ச்சுருளும் மட்டும் கொண்ட பெட்டி இருக்கும். அதை ஏர் ஹாண்ட்லர் என்பார்கள். எந்தப் பெட்டியானாலும் காற்றின் பாதை ஒன்றுதான். ஜன்னலோரத் தரையில் உள்ள சிறிய வாய்களால் காற்று அறைக்குள் வரும். சுவரின் அடியிலோ நடைபாதையிலோ உள்ள பெரிய வாய்களால் பெட்டிக்குத் திரும்பும்.

கணக்கு படித்தவர்களுக்கு இது இரட்டைப் பதிவு. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு வேண்டும். திரும்பி வராத காற்றை விசிறி வெளியே தள்ள முடியாது. வீட்டில் ஒரு அறை சூடேறவில்லை என்றால் நாம் சூடு வரும் வாயில் மட்டும் கையை வைத்துப் பார்க்கிறோம். குறை பெரும்பாலும் மற்றப் பக்கத்தில், திரும்பும் வழியில் இருக்கும். அந்தப் பெரிய வாயின் முன் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள்: சோபா, உடுப்பு அலுமாரி, சில வீடுகளில் சாமிப்படத் தட்டு. கதவை மூடிப் படுக்கும் அறையில் திரும்பும் வாய் இல்லையென்றால் கதவின் அடியில் இரண்டு சென்ரிமீற்றர் அளவாவது இடைவெளி வேண்டும். தடித்த கம்பளம் போட்டு அதையும் அடைத்துவிட்டால் அம்மம்மாவின் கால் விறைக்கத்தான் செய்யும்.

இயக்கும் முன்

குளிர்காலத்துக்கு முதன்முறை இயக்குவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

முதலில் பில்ரர். ஒரு அங்குலத் தடிப்புள்ள பில்ரரை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எமது வீடுகளில் தாளிப்பும் பொரியலும் சாம்பிராணியும் உண்டு. எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து பில்ரரில் பசைபோல ஒட்டும் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. சட்டத்தில் உள்ள அம்புக்குறி பேர்னஸை நோக்கி இருக்க வேண்டும். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியபோது மேர்வ் 13 தரப் பில்ரரைத் தேடியவர்கள் உண்டு. அது நுண்ணிய புகையைப் பிடிக்கும். ஆனால் ஒரு அங்குலத் தடிப்பில் அது காற்றையும் தடுக்கக்கூடும். சாதாரண நாட்களில் மேர்வ் 8 போதும். நுண்ணியது வேண்டுமென்றால் நான்கு அங்குலப் பில்ரருக்கு இடம் செய்விப்பது நல்லது.

அடுத்து பேர்னஸ் அறை. அரிசி மூட்டையும் விழாவுக்கு எடுக்கும் பெரிய கிடாரங்களும் பெட்டியை ஒட்டி நிற்கக் கூடாது. பெயின்ற், தின்னர், பெற்றோல் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் தெரிந்தால் அவைதான் பேர்னஸின் மூக்கு. இலை, குருவிக்கூடு, பின்னர் பனிக்குவியல், எதுவும் அவற்றை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதனூட்டி இருந்தால் அதன் பக்கக் குழாயில் உள்ள தடுப்புத் தகட்டைக் குளிர்காலத்துக்குத் திறந்து, கோடைக்கு மூட வேண்டும்.

கடைசியாக மின்சாரம். பேர்னஸின் பக்கத்திலோ படிக்கட்டருகிலோ விளக்கு ஆளி போலவே ஒரு ஆளி இருக்கும். விளக்கென்று நினைத்து யாராவது அதை அணைத்திருப்பார்கள். பெட்டியின் முன்கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஆளி இயந்திரத்தை ஓடவிடாது. இந்த இரண்டையும் பார்க்காமல் திருத்துநரை அழைத்தால், வந்து பார்த்ததற்கே கட்டணம் எழுதுவார்.

இயக்கும்போது

தெர்மோஸ்டற்றை அறையின் வெப்பநிலைக்கு மேல் மூன்று பாகை கூட்டிவிட்டுப் பெட்டியின் அருகில் நின்று கேளுங்கள். முதலில் புகையை வெளியேற்றும் சிறிய விசிறி சுழலும். காற்றோட்டம் சரி என்று அழுத்த ஆளி உறுதி செய்தபின் மூட்டி செந்நிறமாகக் கனலும். வாயு திறந்து தீ பிடிக்கும். தீ உண்டு என்று உணரி சொன்னால்தான் வாயு தொடர்ந்து வரும். இல்லாவிட்டால் சில விநாடிகளில் மூடிக்கொள்ளும். பெரிய ஊதுவிசிறி உடனே தொடங்காது. அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்தே தொடங்கும். குளிர்ந்த காற்றை எம்மீது ஊதாமல் இருக்கவே இந்தத் தாமதம். தீ அணைந்தபின்னும் அது ஓரிரு நிமிடம் ஓடி மிச்சச் சூட்டை எடுத்துவரும்.

முதல் நாள் தூசு கருகும் மணம் சற்று நேரம் வரலாம். அது தணியாமல் பிளாஸ்டிக் எரிவதுபோல வந்தால் நிறுத்துங்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் எந்த ஆளியையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியில் நின்று அழையுங்கள்.

தீ பிடித்துச் சில நிமிடங்களில் அணைந்து, மீண்டும் பிடித்து, மீண்டும் அணைகிறதா? காற்று போதாமல் பெட்டி அளவுக்கு மேல் சூடேறி, எல்லை ஆளி தீயை வெட்டுகிறது என்பது அதன் பொதுவான காரணங்களில் ஒன்று. முதலில் பில்ரரைப் பாருங்கள். கதவில் உள்ள சிறிய கண்ணாடி வழியே ஒரு விளக்கு சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணுங்கள். அதன் பொருள் கதவின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கையைத் திருத்துநரிடம் சொன்னால் பேச்சே வேறாக இருக்கும்.

சரிசெய்தல்: ஒரு சிறிய கணக்கு

பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் தகவல் தகட்டில் வெப்ப உயர்வு என்று ஒரு வரம்பு இருக்கும். உதாரணமாக 35 முதல் 65 பாகை பரனைற். பெட்டிக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரம்புக்குள், இயன்றவரை நடுவில், இருக்க வேண்டும்.

சமையலறையில் பயன்படுத்தும் ஊசி வெப்பமானியே இதற்குப் போதும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திரும்பும் வாயிலும் பெட்டிக்கு மிக அருகில் உள்ள சூட்டுக்காற்று வாயிலும் அளந்து பாருங்கள். திரும்பும் காற்று 20 பாகை செல்சியஸ், வெளிவருவது 48 என்றால் வித்தியாசம் 28. அதை 1.8 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 50 பரனைற். இங்கே 32 ஐக் கூட்டக் கூடாது. நாம் மாற்றுவது வெப்பநிலையை அல்ல, வித்தியாசத்தை. வழியில் சூடு கொஞ்சம் குறைவதால் பெட்டியருகே உண்மையான எண் இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்.

மணிக்கு 60,000 பி.ரி.யு. வெளியிடும் பேர்னஸில் 50 பாகை உயர்வு என்றால், 60,000 ஐ 1.08 ஆலும் 50 ஆலும் பிரிக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,110 கன அடி காற்று ஓடுகிறது. பில்ரர் அடைத்து, சோபாவும் மறைத்துக் காற்று 800 கன அடியாகக் குறைந்தால் உயர்வு 69 பாகைக்கு ஏறிவிடும். 65 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் தீயையும் வீட்டுக்காற்றையும் பிரித்து வைக்கும் உலோகச் சுவர் வெடிக்கக்கூடும். பெரிய செலவு அங்கேதான் தொடங்குகிறது.

உயர்வு கூடுதலாக இருந்தால் முதலில் தடைகளை நீக்க வேண்டும். பிறகும் கூடுதல் என்றால் விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும். குறைவாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பழைய மோட்டரில் வயரை மாற்றியும், புதியதில் சிறு ஆளிகளாலும் இதைச் செய்வார்கள். இது திருத்துநரின் வேலை. குழாய்களில் உள்ள காற்றழுத்தத்தையும் அளந்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் வாயுக் கருவியில் கை வைப்பவர் ரி.எஸ்.எஸ்.ஏ. சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். தெரிந்த தம்பி, மலிவாகச் செய்வார் என்பது போதாது.

நாம் செய்யக்கூடியது அறைகளுக்கு இடையிலான பங்கீடு. பேஸ்மென்ற் கூரையில் ஓடும் வட்டக் குழாய்களில் சிறிய பிடிகள் இருக்கும். பிடி குழாயின் திசையில் இருந்தால் திறப்பு; குறுக்கே இருந்தால் மூடல். குளிர்காலத்தில் சூடு தானாக மேலே ஏறுவதால் மேல்மாடிக் குழாய்களைக் கொஞ்சம் குறைக்கலாம். கோடையில் அவற்றை முழுதாகத் திறந்து கீழே குறைக்கலாம். ஒரு நாளுக்குச் சிறிதளவே மாற்றி, இரு காலத்துக்கும் உரிய இடங்களைப் பேனாவால் குறித்து வையுங்கள். பாவிக்காத அறைகளை எல்லாம் அடைத்தால் காசு மிஞ்சும் என்பது தவறான எண்ணம். குழாயில் அழுத்தம் ஏறிக் காற்றின் மொத்த ஓட்டமே குறையும்.

கோடையும் ஹீற் பம்பும்

குளிரூட்டலுக்கு ஒரு தொன்னுக்கு நிமிடம் 400 கன அடி காற்று என்பது பொதுக்கணக்கு. பதினைந்து நிமிடம் ஓடியபின் திரும்பும் காற்றுக்கும் வெளிவருவதற்கும் 9 முதல் 12 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் பொதுவாக நலம். காற்று குறைந்தால் சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். அப்போது குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு உருகச் செய்து, பில்ரரை மாற்றுங்கள். தண்ணீர் வடியும் குழாய் அடைபடவில்லை என்றும் பாருங்கள்.

ஹீற் பம்ப் வீடுகளில் காற்று கைக்குச் சுள்ளென்று சுடாது. நீண்ட நேரம் மெதுவாக ஓடும். அது பழுதல்ல. ஆனால் தெர்மோஸ்டற்றைத் திடீரென்று ஐந்து பாகை கூட்டினால் துணைக்கு இருக்கும் மின்கம்பிச் சூடாக்கி தொடங்கிவிடும். ஒரு அலகு மின்சாரத்துக்கு அது ஒரு அலகு சூட்டையே தரும். மிதமான குளிரில் ஹீற் பம்ப் அதே மின்சாரத்துக்கு இரண்டு மூன்று அலகு தரும். ஒரே அளவில் விட்டுவைப்பதே இலாபம்.

கீழே இருப்பவர்கள்

எம்மில் பலர் இந்த நாட்டில் முதல் இரவைக் கழித்தது ஒரு பேஸ்மென்ற்றில்தான். இன்று எமது பேஸ்மென்ற்றில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. தெர்மோஸ்டற் மேலே, குளிர் கீழே. ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும். கீழே ஒரு வெப்பமானியை வைத்து வாரம் ஒருமுறை கேளுங்கள். சூட்டுக்காற்று கூரையில் இருந்து வருவதால், தரையோரத்தில் திரும்பும் வாய் இல்லையென்றால் குளிர்ந்த காற்று அங்கேயே தேங்கும். அந்த வாயை ஒருபோதும் பேர்னஸ் அறைக்குள் வெட்ட வேண்டாம். விசிறி அந்த அறைக் காற்றை உறிஞ்சும்போது நீர்சூடாக்கியின் புகையும் வீட்டுக்குள் இழுபடலாம்.

2008 இல் வூட்ஸ்ரொக் நகரில் கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டதால் காபன் மொனொக்சைட்டு பரவி ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். அதன் பின்னரே 2013 இல் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. படுக்கையறைகளுக்கு அருகில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. மேலே ஒன்று இருந்தால் போதாது. கீழே படுக்கும் இடத்திலும் வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

அழைக்காமல் வாசலுக்கு வந்து பேர்னஸ், குளிரூட்டி, நீர்சூடாக்கி விற்பதையும் வாடகைக்குக் கொடுப்பதையும் ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்துள்ளது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

யாராவது பேர்னஸ் முடிந்துவிட்டது என்றால், வெப்ப உயர்வு எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு, விளக்கு எத்தனை தடவை சிமிட்டியது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு கொப்பியை பேர்னஸ் அறையில் தொங்கவிட்டு, பில்ரர் மாற்றிய திகதியையும் அளந்த எண்களையும் எழுதி வாருங்கள். அடுத்த ஐப்பசியில் அந்தக் கொப்பியைத்தான் முதலில் திறக்க வேண்டும்.