சுட்ட பிறகு ஒரு ‘ஜிஜி’

ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2016-ல் வெளிவந்தது. அப்போது இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்களில் சிலர் உரையாடல் பெட்டியில் ‘ஜிஜி ஈஸி’ என்று தட்டிவிட்டுப் போவார்கள். நல்ல ஆட்டம்தான், ஆனால் உங்களைத் தோற்கடிக்க ஒரு சிரமமும் இருக்கவில்லை என்று அர்த்தம். தோற்றவர் வயிறு எரியும். விளையாட்டைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனம் இதற்காக யாரையும் வெளியேற்றவில்லை. அந்தச் சொற்களைத் தட்டினால் வேறு வாசகம் போய்ச் சேரும்படி செய்துவிட்டது. தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சின்னப் பையன் கெஞ்சுவதுபோல ஒன்று. இப்படிப் பல. எகத்தாளம் செய்யப் போனவர் எல்லோர் முன்னாலும் அசடு வழிய வேண்டியதுதான்.

‘ஜிஜி’ என்பது ‘குட் கேம்’ என்பதன் சுருக்கம். 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட், தென் கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் அளவுக்குப் பெரிய போட்டி விளையாட்டாக வளர்ந்தது. அங்கே இந்த இரண்டெழுத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இனி மீள முடியாது என்று தெரிந்தவர் ‘ஜிஜி’ சொல்லிவிட்டு வெளியேறுவார். ஜெயிக்கப் போகிறவர் முந்திக்கொண்டு அதைச் சொல்வது அவமரியாதை. ஒன்றும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவதும் அழகல்ல. தெருக் கிரிக்கெட்டில் அவுட் கொடுத்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பையனை யாருக்குப் பிடிக்கும்?

எழுதப்படாத இத்தகைய விதிகள் ஒவ்வொரு விளையாட்டிலும் இருக்கின்றன. பப்ஜி மொபைலின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ ஆடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம். நூறு பேர் இறங்கும் தீவில் நால்வர் ஒரு ஸ்க்வாட். ‘மச்சி, நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுடா’ என்று குரல் வந்தால் போய்த் தூக்கிவிட வேண்டும். அவன் பையிலுள்ள துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நழுவக் கூடாது. மருந்து நிறைய வைத்திருப்பவர் இல்லாதவருக்குப் போட வேண்டும். தான் செத்துவிட்டோம் என்பதற்காக உயிரோடிருப்பவன் காதில் கத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பின்னால் மிக்ஸி ஓடினால் மைக்கை அணைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆனால் எதிரே இருப்பவர் முகம் தெரியாதவர். இனி ஒருமுறை சந்திக்கப் போவதும் இல்லை. அப்படியிருக்க ஒழுங்காக நடந்துகொள்ள என்ன காரணம்? இந்தக் கேள்வி இணைய விளையாட்டைப் போலவே பழையது. 1986-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கொமடோர் 64 கணினிக்காக ஹாபிடாட் என்ற கற்பனை ஊரைச் சோதனைக்கு விட்டது. தொலைபேசி வழியே இணைந்த அந்த ஊரில் துப்பாக்கி உண்டு, திருட்டும் உண்டு. சீக்கிரமே சிலர் வழிப்பறியில் இறங்கினார்கள். ஆட்டக்காரர்களில் ஒருவர் நிஜ வாழ்வில் கிரேக்க மரபுவழித் திருச்சபைப் பாதிரியார். அவர் ஊருக்குள் ஒரு தேவாலயம் தொடங்கினார். அதில் சேர்பவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, திருடக் கூடாது என்பது நிபந்தனை. போதனை ஒரு பக்கம் நடக்க, நிறுவனம் கடைசியில் ஊர் எல்லைக்குள் சுடுவதையும் திருடுவதையும் நிரல் வழியாகவே நிறுத்தியது. எல்லைக்கு வெளியே அவரவர் சாமர்த்தியம்.

பாதிரியார் வழியா, நிரல் வழியா என்ற இழுபறி இன்னும் தீரவில்லை. அதன் மிகக் கசப்பான உதாரணம் 2006-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் நடந்தது. அதில் பலரோடு சேர்ந்து ஆடிவந்த ஒருவர் நிஜமாகவே இறந்துபோனார். நண்பர்கள் விளையாட்டுக்குள்ளேயே, பனி மூடிய ஓர் ஏரிக்கரையில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அதைப் பொது அரங்கில் முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். இறந்தவரின் பாத்திரம் கரையில் நிற்க, வரிசையில் ஒவ்வொருவராக வந்து மரியாதை செலுத்திக்கொண்டிருந்தபோது எதிரணிக் குழு ஒன்று பாய்ந்து வந்து எல்லோரையும் வெட்டிச் சாய்த்தது. அதைப் படம்பிடித்து இசை சேர்த்து இணையத்திலும் போட்டது. தாக்கியவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. எதிரியை எங்கே கண்டாலும் கொல்லலாம் என்று ஒப்புக்கொண்டு எல்லோரும் சேர்ந்த சர்வர் அது. சண்டைக் களத்தில் கூட்டம் போட்டு, இடத்தையும் நேரத்தையும் ஊருக்கே சொன்னது யார் தவறு என்று அவர்களுக்காக வாதாடியவர்களும் உண்டு. வாதம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். சாவு வீட்டில் சட்டம் பேசுகிறவனை என்னவென்று சொல்வது?

மோசமாக நடப்பவர்கள் ஒரு சிறு கூட்டம், அவர்களைக் களைந்துவிட்டால் போதும் என்றுதான் நிறுவனங்களும் வெகுகாலம் நம்பின. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம், உளவியல் படித்தவர்களை வேலைக்கு வைத்து உரையாடல் பதிவுகளை ஆராய்ந்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. எப்போதும் வசைபாடுகிறவர்களால் வந்த தொல்லை மொத்தத்தில் சிறு பங்குதான். மீதியெல்லாம் வழக்கமாக ஒழுங்காக ஆடுகிறவர்கள், ஏதோ ஒரு கெட்ட நாளில் கொட்டியது. ஆகவே ரயட் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தது. எதிரணியோடு பேசும் வசதி தொடக்கத்தில் அணைந்திருக்கும். வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய்த் திறந்துகொள்ளலாம். பேச்சின் அளவு அதிகம் குறையவில்லை. ஆனால் வசை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நல்ல வார்த்தைகள் 30 சதவீதத்துக்கு மேல் கூடின. கோபம் வந்த கணத்துக்கும் விசைப்பலகைக்கும் நடுவே ஒரு பொத்தானை வைத்ததன் பலன் இது.

2012-ல் வந்த ஜர்னியின் கதை இன்னும் சுவாரசியம். பாலைவனத்தில் முன்பின் தெரியாத இருவர் ஒரு மலையை நோக்கி நடக்கும் விளையாட்டு அது. பேச முடியாது, எழுத முடியாது. ஒரு சிறு இசையொலி எழுப்பலாம், அவ்வளவுதான். ஆரம்ப வடிவத்தில் ஒருவர் மற்றவரைத் தள்ள முடிந்தது. மேட்டில் ஏற உதவட்டும் என்பது வடிவமைப்பாளர் ஜெனோவா சென்னின் எண்ணம். சோதித்துப் பார்த்தவர்களோ ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தார்கள். மனம் நொந்த சென், குழந்தை உளவியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டார். புது உலகத்துக்குள் நுழைகிறவர் கைக்குழந்தை மாதிரி, எதைச் செய்தால் அதிகமாக ஏதாவது நடக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார் என்று பதில் வந்தது. சென் தள்ளும் வசதியையே எடுத்துவிட்டார். ஒருவர் மற்றவரைத் தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும்படி வைத்தார். அதே மனிதர்கள் பிறகு ஒட்டிக்கொண்டே நடந்தார்கள்.

வடிவமைப்பு கைகொடுக்காத இடமும் உண்டு. ஹேலோ 3 என்ற துப்பாக்கி விளையாட்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் ஒரே சாதாரண வாக்கியங்களைப் பதிவுசெய்து ஆட்டத்தில் ஒலிக்கவிட்டார்கள். 2013-ல் அச்சான முடிவின்படி, பெண் குரலுக்கு வந்த எதிர்மறைப் பேச்சு ஆண் குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு. 2015-ல் அதே தரவை இன்னொரு கோணத்தில் பார்த்தபோது, மோசமாக ஆடுகிற ஆண்களே பெண்களிடம் அதிகம் எரிந்து விழுந்தது தெரிந்தது. மைக்கைத் தொடாமலே ஆடும் பெண்கள் ஏன் இத்தனை பேர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் பக்கத்திலும் இது நீதிமன்றம் வரை போன விஷயம். 2021 ஜூனில், பப்ஜி ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டியபடி பெண்களை ஆபாசமாகப் பேசியதாக வந்த புகார்களின்பேரில் ஒருவரைச் சென்னைக் காவல்துறை தர்மபுரியில் கைது செய்தது. அந்தப் பேச்சைக் கேட்க லட்சக்கணக்கானோர் அவர் சேனலில் சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் கைதைவிட யோசிக்க வேண்டியது.

பேசுவதற்கு முன்கூட்டி எழுதிவைத்த வாக்கியங்களையே கொடுத்தால்? கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக் 2015 முதலே அப்படிச் சில தயார் வாக்கியங்களைத் தந்துவருகிறது. பாராட்டும் நன்றியும் மன்னிப்பும் அவற்றில் உண்டு. அவற்றில் ஒன்று, ‘வாட் எ சேவ்!’ கோலைத் தடுத்தவரைப் பாராட்டுவதற்கு. ஆட்டக்காரர்கள் அதைப் பந்தைக் கோட்டைவிட்டவருக்குச் சொல்லத் தொடங்கினார்கள், அதுவும் அடுத்தடுத்து மூன்று முறை. அப்படி அடுக்கினால் சில விநாடிகளுக்கு அரட்டை முடக்கப்பட்டது என்று விளையாட்டு அறிவிக்கும். இப்போது அந்த அறிவிப்பையே கையால் தட்டி எதிரணிக்கு அனுப்பிக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.